படிக்காமல் இட்ட கையெழுத்து

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் சகோதரி மகன் சென்ற ரமளானில் எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தான். 'மாமா, ஒரு மார்க்க விஷயம் கேட்கவேண்டும்' என்று ஆரம்பித்திருந்தான். நோன்பைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ கேட்கப்போகிறான் என்று நினைத்துப் படித்தேன். பாதிக் கடிதம் வரை மின்சாரக் கணக்குத்தான் இருந்தது! முழுவதும் படித்த பிறகே, அவன் கேட்டது மார்க்க விஷயம்தான் என்று புரிந்தது.

அவன் மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அதற்கு வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளச் சுவரில் ஒரு பெட்டி பொருத்தவேண்டும். அவ்வூர் மின்சாரக் கம்பெனி, 'எங்கள் கார்த் திட்டத்தில் சேருங்கள். பெட்டிக்காக 500 டாலர் தருகிறோம். இரவு மின்சாரமும் மலிவு' என்று அழைத்திருக்கிறது. கைப்பேசியில் ஒப்பந்தம் வந்தது. 'அனைத்தையும் படித்து ஒப்புக்கொண்டேன்' என்ற வரிக்கு எதிரே இருந்த கட்டத்தைத் தொட்டுவிட்டான். அரை நிமிஷ வேலை.

இரண்டு மாதம் கழித்துப் பில் கூடுதலாக வந்தது. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரவில் விலை குறைந்தது உண்மை. ஆனால் அந்தத் திட்டம் காருக்கு மட்டுமல்ல, வீடு முழுவதற்கும் உரியது. சாயங்கால நேரத்தில் சமையலறை, சலவை இயந்திரம், விளக்கு அனைத்துக்கும் விலை ஏறிவிட்டது. அந்த நேரத்தில்தான் ரமளானும் வந்தது. 'சாயங்காலம் மின் அடுப்பைப் போடாதே' என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண், 'நோன்பு திறக்க ஆறிப்போன கஞ்சியா? கையெழுத்துப் போடும்போது என்னைக் கேட்டீர்களா?' என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

விலகலாம் என்று கம்பெனிக்குப் பேசினான். 'இரண்டு வருஷத்துக்குள் விலகினால் 500 டாலரைத் திருப்பித் தரவேண்டும். நாலாம் பக்கத்தில் இருக்கிறதே!' என்றார்கள். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், மின் கணக்கை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகுதான் எனக்கு எழுதுகிறான்: 'மாமா, நான் படிக்கவே இல்லை. படிக்காத ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்துமா?'

அன்பர்களே, இந்தக் கேள்வியை அவனுடையது மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் பிள்ளைகள் எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். தினமும் எத்தனையோ கட்டங்களைத் தொட்டு 'படித்தேன்' என்று சொல்லுகிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரே மின்சாரத்துக்கு நேரத்துக்கு ஒரு விலை வைப்பது அநியாயம் இல்லையா என்று முதலில் தோன்றும். இல்லை என்பதே பதில். மின்சாரத்தைப் பெருமளவில் சேர்த்து வைப்பது செலவுள்ள காரியம். பெரும்பகுதியை வேண்டும்போது உற்பத்தி செய்தே கொடுக்கவேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் பகலில் சூரிய ஒளியிலிருந்து ஏராளமாக மின்சாரம் கிடைக்கிறது. பொழுது சாயும்போது அது குறைந்துகொண்டே போகிறது. அதே நேரத்தில்தான் மக்கள் வேலையிலிருந்து வீடு திரும்பி அடுப்பையும் குளிர்சாதனத்தையும் போடுகிறார்கள். அந்தச் சில மணி நேரத் தேவைக்காகவே செலவு மிகுந்த நிலையங்களை இயக்கவேண்டியிருக்கிறது. நள்ளிரவிலோ தேவை குறைந்துவிடுகிறது. விலை வேற்றுமைக்கு உண்மையான காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1978-லேயே 'எகானமி செவன்' என்ற பெயரில் இரவு ஏழு மணி நேரத்துக்கு மலிவு விலை வந்துவிட்டது. மின்சாரக் கார் அந்தப் பழைய ஏற்பாட்டுக்குப் புதிய முக்கியத்துவம் தந்திருக்கிறது.

ஒரு கார் எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 யூனிட். தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய பத்து யூனிட். மாதம் 300 யூனிட். 240 வோல்ட்டில் 30 ஆம்பியர் இழுக்கும் வீட்டுப் பெட்டி மணிக்கு ஏழு யூனிட்டுக்கு மேல் கொடுக்கும். எனவே அன்றாட ஓட்டத்துக்கு இரவில் ஒன்றரை மணி நேரமே போதும். கார் எந்த மணியில் ஏற்றிக்கொள்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாது. காத்திருக்கக்கூடிய பொருள் அது. சமையலறை அப்படியா?

கலிபோர்னியாவின் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் கம்பெனி மின்சாரக் கார் வைத்திருக்கும் வீடுகளுக்கென்று வைத்துள்ள ஒரு திட்டத்தை உதாரணமாகக் காட்டலாம். அதில் நள்ளிரவு 12 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை விலை குறைவு. மாலை 4 முதல் இரவு 9 வரை விலை மிக அதிகம். இடையில் வரும் நேரங்களுக்கு நடுத்தர விலை. இது முழு வீட்டுக்கும் பொருந்தும் திட்டம். இதை ஒரு முஸ்லிம் குடும்பத்தின் நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சான்பிரான்சிஸ்கோவில் டிசம்பரில் ஐந்து மணிக்குச் சற்று முன்பும், ஜூனில் எட்டரை மணி சுமாருக்கும் சூரியன் மறைகிறது. அதாவது ரமளான் எந்தப் பருவத்தில் வந்தாலும் நோன்பு திறக்கும் வேளை விலை மிகுந்த நேரத்துக்குள்ளேயே விழும். சஹர் வேளையோ மலிவான நேரத்தில் இருக்கும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. நடுத்தர விலையை விட்டுவிடுகிறேன். எந்நேரமும் யூனிட் 40 சென்ட் என்று ஒரு திட்டம். மலிவு நேரத்தில் 30 சென்ட், மாலையில் 60 சென்ட் என்று இன்னொரு திட்டம். ஒரு வீட்டில் மாதம் காருக்கு 300 யூனிட்டும், மாலை நேரத்தில் வீட்டுக்கு 360 யூனிட்டும், மற்ற நேரத்தில் 200 யூனிட்டும் ஆகின்றன. பழைய திட்டத்தில் 860 யூனிட்டுக்கு 344 டாலர். புதிய திட்டத்தில் 500 யூனிட்டுக்கு 150 டாலர், மாலை 360 யூனிட்டுக்கு 216 டாலர்; ஆக 366 டாலர். 'மலிவு' என்று சேர்ந்த திட்டத்தில் 22 டாலர் நஷ்டம்! அதே வீட்டில் துணி துவைப்பது, பாத்திரம் கழுவும் இயந்திரம் போன்ற வேலைகளில் 120 யூனிட்டை மட்டும் மலிவு நேரத்துக்குத் தள்ளினால் 330 டாலர்தான் வரும்; 14 டாலர் லாபம். விளம்பரத்தில் இருந்தது காருக்குரிய விலை. குடும்பத்தின் லாப நஷ்டத்தைத் தீர்மானித்ததோ சமையலறைக் கணக்கு.

எல்லாத் திட்டங்களும் இப்படிப்பட்டவை அல்ல. காருக்கென்று தனி மீட்டர் வைக்கும் திட்டங்கள் உண்டு. அவற்றில் வீட்டு விலை மாறாது, ஆனால் தனி மீட்டர் பொருத்தும் செலவைப் பார்க்கவேண்டும். பெட்டியைக் கம்பெனியே பொருத்தி மாத வாடகை வாங்கும் திட்டங்கள் உண்டு. மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை வாங்கிக்கொண்டு, இரவில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளச் சொல்லும் திட்டங்களும் உண்டு. தேவை மிகும் நேரத்தில் கம்பெனியே சார்ஜை நிறுத்தி வைக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டு, அதற்காக ஒரு தொகையைத் தள்ளுபடி செய்யும் திட்டங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வேறு.

இப்போது மார்க்கத்தின் பக்கம் வருவோம். கொடுக்கல் வாங்கல் இரு தரப்பாரின் மனப்பொருத்தத்தோடு நடக்கவேண்டும் என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை. திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். பின்னால் சச்சரவு வராமல் இருப்பதற்காகவே எழுத்து. எழுதப்பட்டதை யாருமே படிக்கவில்லை என்றால் எழுத்தின் நோக்கம் எங்கே நிறைவேறும்?

இன்னது என்று தெரியாத பொருளை விற்பதை, 'கரர்' என்று சொல்லப்படும் மயக்கமுள்ள வியாபாரத்தை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். அப்படியானால் ஒரே தொகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் திட்டம் கூடாதா என்று சிலர் கேட்கலாம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு ஒப்பான ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். பொதுக் குளியல் அறைக்குக் காசு கொடுத்துப் போகிறவர்களில் ஒருவர் அதிகத் தண்ணீர் செலவழிப்பார். ஒருவர் குறைவாகச் செலவழிப்பார். ஒருவர் நெடுநேரம் இருப்பார். ஒருவர் உடனே வந்துவிடுவார். ஆனாலும் அது ஆகும் என்பதில் மார்க்க அறிஞர்கள் ஒன்றுபட்டிருக்கிறார்கள். சிறு மயக்கம் தவிர்க்க முடியாதது. மக்கள் பழக்கத்தில் அதனால் சண்டை வருவதில்லை. ஆகவே அளவு தெரியாமை ஒன்றையே வைத்து எல்லாவற்றையும் கூடாது என்று தள்ளிவிடலாகாது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. நான் சொல்ல வருவது இவ்வளவே: சண்டைக்கு இடம் தரும் மயக்கம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு.

எங்கே தேடுவது? சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். சொல்லப்பட்ட விலை காருக்கா, வீட்டுக்கா? பெட்டி யாருடையது? வாடகை என்றால் பழுதுபார்க்கும் பொறுப்பு உடையவரைச் சேரும் என்பது இஜாராவின் சட்டம். விற்பனை என்றால் நம்முடையது. வாடகையா விற்பனையா என்று தெளியாத காகிதத்தில் கையெழுத்திடலாமா? எத்தனை காலம் சேர்ந்திருக்கவேண்டும்? நடுவில் விலகினால், அல்லது வேறு வீட்டுக்குக் குடி போனால் என்ன கொடுக்கவேண்டும்? விலையை மாற்றும் உரிமை யாருக்கு? சார்ஜை நிறுத்தும் உரிமை கம்பெனிக்கு இருந்தால், அவசரத்துக்கு நாம் மறுக்க முடியுமா? பெட்டியின் விலையைத் தவணையில் கட்டுவதானால் அதில் வட்டி நுழைகிறதா? இத்தனைக்கும் பதில் தெரிந்தால் ஒப்பந்தத்தின் சாரம் தெரிந்ததாகும்.

இவற்றில் விலை மாற்றும் உரிமை பற்றி ஒரு வார்த்தை. மின்சார விலை நாளை மாறக்கூடும் என்று எழுதியிருப்பதை மட்டும் குறை சொல்ல முடியாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பெரிய தனியார் மின் கம்பெனிகள் மாநில ஆணையத்தின் அனுமதி பெற்றே விலையை மாற்றவேண்டும். விலை பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்றால் அதில் பாதகம் இல்லை. ஆனால் ஒரு தரப்பு விலையை மாற்றலாம், மறு தரப்பு அபராதம் கட்டாமல் விலகக்கூடாது என்று இரண்டும் ஒரே காகிதத்தில் இருந்தால், அங்கேதான் மனப்பொருத்தம் குறைபடுகிறது. சட்டம் அதை அனுமதிக்கலாம். நம் மனம் அதைக் கவனித்தே ஆகவேண்டும்.

ஒப்பந்தம் எழுதுகிறவருக்குக் கடமை இல்லையா? நிச்சயமாக உண்டு. கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி நமக்கெல்லாம் தெரிந்ததே. மேலே உலர்ந்திருந்தது, கீழே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மழை வியாபாரியின் குற்றம் அல்ல; ஈரத்தை மறைத்ததே குற்றம். 500 டாலரை முதல் பக்கத்தில் பெரிய எழுத்திலும், அதைத் திருப்பித் தரவேண்டிய நிபந்தனையை நாலாம் பக்கத்தில் சிறிய எழுத்திலும் வைப்பவர், ஈரத்தைக் கீழே வைத்தவர் அல்லவா? நம்மில் வியாபாரிகள் பலர் இருக்கிறோம். நம் ரசீதுகளின் பின்புறத்தில் என்ன அச்சிட்டிருக்கிறோம் என்று ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

இந்த அநீதியைச் சட்டத்தால் ஓரளவு தடுக்க முடியும் என்பதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே 2021-ல் செய்யப்பட்ட விதிகளின் பெரும்பகுதி 2022 ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்கு விற்கப்படும் சார்ஜ் பெட்டி, தேவை மிகுந்த நேரங்களைத் தவிர்த்து ஏற்றும்படி முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கவேண்டும். ஆனால் அதை மாற்றிக்கொள்ளும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு. மின்சாரம் கொடுக்கும் கம்பெனியை வீட்டுக்காரர் மாற்றினாலும் பெட்டி தன் திறன்களை இழந்துவிடக்கூடாது. பெட்டியைக் காட்டி ஆளைக் கட்டிப்போட முடியாது.

யோசிக்க அவகாசம் தருவதும் அப்படியே. வாங்கிய பிறகு மனம் மாறினால் திருப்பிக்கொள்ளும் நிபந்தனையை நம் ஃபிக்ஹு நூல்கள் 'கியாருஷ் ஷர்த்' என்று சொல்லும். இமாம் அபூஹனீபா, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் அதற்கு மூன்று நாளை எல்லையாக வைத்தார்கள். அமெரிக்காவில், வீடு தேடி வந்து விற்பவரிடம் வாங்கியதை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்துச் செய்யும் விதி 1970-களிலிருந்து இருக்கிறது. ஆனால் தாமே கைப்பேசியில் கட்டத்தைத் தொட்டவருக்கு அந்த விதி உதவாது. பிரிட்டனில் தொலைபேசியிலும் இணையத்திலும் செய்யும் பெரும்பாலான ஒப்பந்தங்களுக்குப் பதினான்கு நாள் அவகாசம் உண்டு. இருக்கும் அவகாசத்தைப் பயன்படுத்திப் படிக்காதவருக்கு எந்தச் சட்டமும் துணை வராது.

இவ்வளவும் எண்ணிப் பார்த்த பிறகு என் மருமகனுக்குப் பதில் எழுதினேன்.

'தம்பி, நீ படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் படித்தேன் என்று நீ சொன்னாய். அந்தச் சொல்லை நம்பித்தான் எதிர்த்தரப்பு 500 டாலர் கொடுத்தது. படிக்கத் தடை ஏதும் இருந்ததா? இல்லை. பக்கங்கள் உன் கையில் இருந்தன. நிபந்தனை புரியாத மொழியில் இருந்து, கேட்டும் மறைத்திருந்தால் பேச்சு வேறு. இங்கே உன் அவசரம்தான் காரணம். அவர்கள் சிறிய எழுத்தில் எழுதியது அவர்கள் குறை. அதை எழுத்து மூலம் அவர்களுக்கும், ஆணையத்துக்கும் சொல். அது உன் உரிமை. அந்தக் குறையைக் காரணம் காட்டிப் பெயரை மாற்றிப் பணத்தை வைத்துக்கொள்வது மோசடி. ஈரத்தைக் கீழே வைத்தவரிடம் கள்ளக் காசைக் கொடுத்ததுபோல் ஆகும். இருந்தால் நிபந்தனைப்படி இரு. விலகினால் 500 டாலரைக் கொடுத்துவிட்டு விலகு. இரண்டும் ஹலால்.

'இன்னொன்று. கம்பெனியிடம் நீ கேட்கும் நியாயத்தை உன் வீட்டில் கொடுத்தாயா? கையெழுத்து உன்னுடையது, அதன் பாரத்தைச் சுமப்பது சமையலறையில் நிற்பவள். மலிவு உன் காருக்கு, சிரமம் அவளுக்கு என்றால் அது என்ன பங்கீடு? குடும்பத் தலைமை ஓர் அமானிதம். வீட்டு வேலை எந்த மணியில் நடக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் காகிதத்தில் அவளைக் கேளாமல் ஒப்புக்கொண்டது, கம்பெனி உனக்குச் செய்ததைவிடச் சின்னத் தவறு அல்ல. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். பிறகு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.'

பெருநாள் கழிந்து பதில் வந்தது. இருவரும் சேர்ந்து அந்தக் காகிதத்தை முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார்கள். முடிவு சொன்னவள் அந்தப் பெண்தான். துணி துவைப்பதையும் பாத்திர இயந்திரத்தையும் நள்ளிரவுக்குத் தள்ளிவிடலாம். நோன்பு திறக்கும் வேளைச் சமையலில் யாரும் கை வைக்கக்கூடாது. தவணை முடியும் வரை திட்டத்தில் இருக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறாள். அடுத்த மாதப் பில் பழைய அளவுக்குக் கீழே வந்துவிட்டதாம். கம்பெனிக்கும் எழுதியிருக்கிறான், பதில் இன்னும் வரவில்லை என்றான்.

இது எங்கோ நடப்பது என்று நாம் இருந்துவிட வேண்டாம். நேரத்துக்கு ஏற்ற மின் விலை பற்றி நம் நாட்டிலும் மத்திய அரசு 2023 ஜூனில் விதி செய்திருக்கிறது. புதுவகை மீட்டர் பொருத்தப்படும் வீடுகளுக்கு, சூரிய ஒளி நேரத்தில் விலை குறைவாகவும் தேவை மிகுந்த நேரத்தில் அதிகமாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். கார் இல்லாத வீட்டுக்கும் இந்தக் கணக்கு வரும். அப்போது காகிதம் நம் கைக்கும் வரும்.

அன்று கையெழுத்திடும் முன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டு, உரக்க ஒருமுறை படிப்போம். புரியாததைக் கேட்போம். புரிந்து ஒப்புக்கொண்டதை, நஷ்டமானாலும் நிறைவேற்றுவோம். வாக்கைக் காப்பாற்றும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.